தள்ளி உட்காரச் சொன்ன கரடி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோபாவின் இடது ஓரத்தில் நான். வலது ஓரத்தில் என் தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். எங்கள் காலடியில், தரையில், அவள் மகள் வாண்டு. நான்கு வயது, கையில் மாவுக்கட்டு. கதவோரம் நாற்காலியில் அப்பா. காலமெல்லாம் டிவி மெக்கானிக்காக ஓட்டிவிட்டு, இப்போது என்னோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறேகால். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

வாண்டுவின் கை விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலிலிருந்து விழுந்துதான் எலும்பு விரிசல் விட்டது. அதற்கு முன்பும் ஒருமுறை விழுந்திருந்தாள். நல்ல அகலமான கட்டில், அதில் அவள் மட்டும்தான் படுப்பாள். இருந்தும் காலையில் பார்த்தால் ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பாள். ஏன் என்று குட்டி கேட்டதற்கு, "கரடிதாம்மா தள்ளி உட்காரச் சொல்லுச்சு. அதுக்கும் இடம் வேணுமாம்" என்றிருக்கிறாள்.

அன்றே குட்டி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நாம சின்ன வயசுல பார்த்த கரடி கார்ட்டூன் ஞாபகம் இருக்கா?"

இருக்காதா? கறுப்பு வெள்ளைப் படம். பூங்காவில் ஒரு பெஞ்சு, அதன் ஓரத்தில் ஒரு முயல். அணில் வந்து உட்காரும், வாத்து வந்து உட்காரும். கடைசியில் தொப்பி போட்ட கரடி வரும். ஜலதோஷம் பிடித்த குரலில், "கொஞ்சம் தள்ளி உட்காரு. எனக்கும் இடம் வேணும்" என்று சொல்லும். எல்லோரும் நகர நகர, முயல் தொப்பென்று கீழே விழும். யாரோ ஒரு வாடிக்கையாளர் அப்பாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்த வீடியோ பிளேயருக்குள் மறந்துவிட்ட கேசட் அது. அவர் கேட்டு வரும்வரை ஒரு வருடம் தேயத் தேயப் பார்த்தோம். அந்த வசனத்தைச் சொல்லியே அம்மாவின் பிராணனை வாங்கினோம்.

வாண்டுவும் யாருடைய போனிலோ அதைப் பார்த்திருக்க வேண்டும். வேறென்ன? படத்தைத் தேடிப் பிடித்து, 'பாருடி, வெறும் பொம்மை' என்று காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்றாள் குட்டி. அவள் வீடு நான்காவது மாடியில். பால்கனிச் சுவரின் மேல் ஏறி உட்காருவது வாண்டுவுக்குப் புதுப் பழக்கம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று.

படத்தின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. ஞாபகம் இருந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, பழைய படங்கள் சேர்ப்பவர்கள் என்று விலாசம் கிடைத்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. கடைசியில் ஓய்வு பெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் கேசட்டையே பார்சலில் அனுப்பிவிட்டார். பரணில் கிடந்த பிளேயரை அப்பா துடைத்து ஓட வைத்தார். குட்டி குழந்தையோடு ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள்.

படம் ஓடியது. அதே பெஞ்சு, அதே முயல்.

"இதேதாண்ணா" என்றாள் குட்டி. கண் கலங்கியிருந்தது.

பின்னணியில் பியானோ.

"இந்தப் பியானோ அப்போ இருந்துச்சா?"

"ஞாபகம் இல்லையே."

அணில் வந்தது. வாத்து வந்தது. கரடியும் வந்தது. நாங்கள் இருவரும் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தோம்.

கரடி வாயே திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. முயல் விழுந்தது. படம் முடிந்தது.

பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். அப்போதும் பேசவில்லை. ஆபரேட்டருக்குப் போன் செய்தேன்.

"அது பேசாத படம் சார். பியானோ மட்டும்தான். பேசுற மாதிரி எடுக்கவே இல்லையே" என்றார்.

போனை வைத்தேன். வாண்டு சிரித்தாள்.

"இப்பக்கூட சொல்லுச்சே."

அவள் டிவியைப் பார்க்கவில்லை. முதுகை டிவிக்குக் காட்டியபடி, சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். மூன்று பேர் உட்காரும் சோபா அது. நான் இடது கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். குட்டி வலது கைப்பிடியோடு. நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

"வா செல்லம், மாமா பக்கத்துல வந்து உக்காரு."

"அங்க இடம் இல்ல மாமா."

நடு மெத்தை... அமுங்கியிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஸ்பிரிங் முனகியது.

கிறீச்...

மெத்தை மெல்ல மேலே வந்தது.

யாரோ எழுந்ததுபோல.

குட்டி குழந்தையை அள்ளிக்கொண்டு அந்த நிமிடமே கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அப்பா அதே நாற்காலியில், விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"குட்டி முன்னால சொல்ல வேண்டாம்னு இருந்தேன்டா" என்றார். "நீங்க அந்தப் படம் பார்த்த டிவில ஸ்பீக்கரே கிடையாது."

"என்னப்பா சொல்றீங்க?"

"கழட்டி வேற ஒருத்தர் செட்டுக்குப் போட்டுட்டேன். அப்புறம் வாங்கி மாட்டலாம்னு தள்ளித் தள்ளி ஒரு வருஷம் ஓடிடுச்சு. நீங்க ஊமையாத்தான் பார்த்தீங்க. பிள்ளைங்களே குரல் குடுத்து விளையாடுதுன்னு நினைச்சேன்."

"நாங்க ரெண்டு பேருமா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"நான் வீட்டுக்குப் பின்னாடி வேலை பார்க்கும்போது மூணு குரல் கேக்கும். பக்கத்து வீட்டுப் பையன்னு இருந்தேன். ஒருநாள் உங்கம்மாதான் கேட்டா, அவங்களுக்குப் பிள்ளை ஏதுன்னு. அதுங்க ஏன் நடுவுல இடம் விட்டே உக்காருதுங்கன்னும் கேட்டா."

உடனே குட்டிக்குப் போன் செய்தேன். சொல்ல ஆரம்பித்ததும் அவளே குறுக்கிட்டாள்.

"அண்ணா, உன் பக்கத்துல யாரு? தள்ளி உட்காருன்னு சொல்றாங்களே?"

அப்பா குளியலறையில் இருந்தார். அறையில் நான் மட்டும்தான்.

வைத்துவிட்டேன்.

மறுபடி போன் செய்யவும் பயம், நேரில் போகவும் பயம். நானே அதைக் கூட்டிக்கொண்டு போனதாக ஆகிவிட்டால்? அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். மறுநாள் தபால் நிலையத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். பால்கனிக் கதவைப் பூட்டி வை. வாண்டுவை உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில், இடைவெளி இல்லாமல் படுக்கவை. யார் கேட்டாலும் நகர வேண்டாம் என்று சொல்லிக்கொடு. வாய்விட்டுப் படிக்காதே.

உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது கவுண்டர்காரர் குரல் கொடுத்தார்.

"சார், பெஞ்சு முழுக்கக் காலியா கிடக்கு. எதுக்கு அந்த முனையில தொங்குறீங்க? விழுந்துடப் போறீங்க."

குனிந்து பார்த்தேன். பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே இருந்தது. நடுவில்தான் வந்து உட்கார்ந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எப்போது நகர்ந்தேன்...?

திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கடிதத்தை நீட்டினேன். அவர் முத்திரை குத்திப் பைக்குள் போட்டார். நான் எழுதியதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் படித்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.