ராஜபாயும் உறையாத ரத்தமும்

குழித்துறைச் சந்தையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு விற்கும் ராஜபாய்க்கு இரண்டு வருடமாக மூட்டுவலி. லூபஸ் என்றார்கள். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல்படை, சொந்த வீட்டுக்கே கல்லெறியும் நோய் அது.

போன சித்திரையில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கப் போனாள். பல் டாக்டர் முன்னெச்சரிக்கையாக ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சோதனைக் குழாயில் அவள் ரத்தம் உறைய வெகுநேரம் எடுத்தது. பல்லைத் தொடமாட்டேன், மூட்டு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சோதனை முடிவுத் தாளைக் கணவர் இஸ்ரவேல் வாசித்தார். ஒரு கீறல் விழுந்தால் போதும், பெண்டாட்டி மொத்தமாக வடிந்துபோவாள் என்று முடிவுகட்டினார். வீட்டிலிருந்த கத்தி, அரிவாள், தேங்காய்த் துருவி, சேலை ஊக்கு வரை சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். மூன்று நாள் குழம்பில் மீன் முழுசாகக் கிடந்து இருவரையும் முறைத்தது.

நான்காம் நாள் ராஜபாயின் இடதுகால் பூசணிக்காய் போல வீங்கியது. ஸ்கேன் எடுத்தால், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது.

மூட்டு டாக்டர் சுனிதாவிடம் இஸ்ரவேல் தாளை நீட்டி வழக்காடினார். "ஒறையாதுண்ணு தானே இதுல போட்டிருக்கு? பின்ன இது எப்பிடி ஒறஞ்சுது?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ராஜபாயின் ரத்தத்தில் லூபஸால் உண்டான வேண்டாத எதிர்ப்பொருள்கள் சில இருக்கின்றன. குழாயில் சோதிக்கும்போது அவை உறைதலைத் தாமதப்படுத்தும். உடம்புக்குள் நேரெதிர், வேண்டாத இடத்தில் உறையவைக்கும்.

இஸ்ரவேலுக்கு ஒன்றும் ஏறவில்லை. ராஜபாய்க்கு உடனே விளங்கிவிட்டது.

"இவருக்க கதைதான் டாக்டரே. சபையில வாயத் தெறக்கமாட்டாரு. வீட்டுல மூடமாட்டாரு."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதலில் ஊசி, பிறகு ரத்தம் எளிதில் உறையாமலிருக்க மாத்திரை. இனி அடிபடாமல், வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். அன்றுதான் பரணிலிருந்து இறக்கிய சாக்கை இஸ்ரவேல் மறுபடி தூக்கினார். ராஜபாய் வழிமறித்தாள்.

"சாக்கை வையுங்க. மீனை நீங்க வெட்டுங்க."

அன்றுமுதல் அவர்தான் வெட்டுகிறார். பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அதே எதிர்ப்பொருள்கள் இருந்தன. மாத்திரை நெடுங்காலத்துக்கு என்றாயிற்று. கீரை கூடினால் மாத்திரையின் வேகம் குறையும், அதற்காகக் கீரையை விடவேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகத் தின்றால் போதும் என்றார் டாக்டர். ராஜபாய் முருங்கைக்கீரையைக் கிழங்குத் தராசில் நிறுத்தே சமைக்கிறாள்.

கால் வீக்கம் வற்றிவிட்டது. சந்தையில் யாராவது சுகம் விசாரித்தால், எதிர்ப்பொருளில் தொடங்கி ஸ்கேன் வரை விவரிப்பாள். பாதியில் தப்பிக்க நினைப்பவர்கள் இரண்டு கிலோ கிழங்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வியாபாரம் மோசமில்லை.