ஓடை வளையும் இடம்

லண்டன் குட்மேய்ஸில் நான் வேலைக்கு நின்ற கடையில் ஒரு போட்டோகொப்பி மெஷின் இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம், மழை பிடித்த ஒரு மத்தியானம். பக்கத்துத் தெருவில் இருந்த, கரீபியன் கடலின் மொன்செராட் தீவுக்காரி ஒரு வரைபடத்தோடு வந்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. கடையில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு, ஆங்கிலத்துக்கு நடுவே என்னை "அண்ணை" என்பா.

"அண்ணை, இதைப் பெரிசாக்கித் தாங்கோ. என்ர வீடு தப்பினதோ எண்டு பார்க்கவேணும்."

எரிமலை வெடித்து அந்தச் சின்னத் தீவின் தென்பாதி சாம்பலுக்குள் போயிருந்தது. அங்கே போக ஒருவரையும் விடவில்லை. அவவின் வீடு நிற்கிறதா என்று சொல்ல ஆளில்லை.

தாள் சுடச்சுட வெளியே வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுருண்ட கோடுகள், பெருவிரல் ரேகை போல ஒரு மலை. நான் ஆறும் மலையும் இல்லாத யாழ்ப்பாணத்து ஆள். அடிமட்டத்தை எடுத்து உச்சியிலிருந்து அவ காட்டிய வீடு வரை அளந்தேன்.

"நல்ல தூரம். தப்பியிருக்கும்."

கல்லாவில் நின்ற மச்சான் விடவில்லை. "அண்ணை மலையைக் கண்டதே இண்டைக்கு இந்த மெஷினுக்குள்ளதான்."

அவவும் சிரித்தா. "தூரத்தில என்ன இருக்கு? நெருப்பும் தண்ணி மாதிரித்தான் இறங்கும். ஓடையைப் பாருங்கோ."

பென்சிலால் உச்சியிலிருந்து ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினா. செங்குத்து, பிறகு சரிவு, பிறகு வீட்டுக்குச் சற்று மேலே ஒரு வளைவு. அங்கே திரும்பி, வீட்டை விட்டு ஒதுங்கிக் கடலுக்குப் போனது. அவவின் முகம் வெளித்தது.

எனக்கோ விடுப்பு அறியும் ஆவல் அடங்கவில்லை. எங்கள் ஊரில் மழை விழுந்த இடத்திலேயே நிலத்துக்குள் போய்விடும். பிறகு கிணற்றில்தான் அதைக் காணலாம். மலையிலிருந்து ஓடிவரும் தண்ணீர் சொன்ன சொல் கேட்டுத் திரும்புமா?

"அவ்வளவு வேகத்தில வாற தண்ணி இதில எப்படித் திரும்பும்?"

"எங்க திரும்பும்! பெருமழையெண்டா நேர எங்கட குசினிக்குள்ளதான். ஒருக்கா கோழியளவு மலைத்தவளை ஒண்டு வந்து அடுப்படியில குந்திக்கொண்டிருந்தது. அம்மா விடுவாவோ? அண்டைக்கு அதுதான் கறி..."

சிரிப்பு பாதியில் நின்றது. பென்சிலும் வளைவில் நின்றது.

பிறகு வளைவிலிருந்து வீட்டுக்கு மெதுவாக ஒரு கோடு இழுத்தா. நேர்கோடு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தா. தாளை என் பக்கம் தள்ளிவிட்டா.

"இன்னொரு கொப்பி தாங்கோ அண்ணை. கோடில்லாதது."

மூல வரைபடம் மெஷினுக்குள்ளேயே கிடந்தது. பட்டனை அமத்தினேன்.