புதன்கிழமை பத்தரை மணிக்குள்

என் மகள் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. வீடு கப்பலூரில், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரி மதுரை கே.கே. நகரில். மாதாமாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தது நான்தான்.

அன்றைக்குப் போனபோது என் பையில் ஜோசியர் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருந்தது. அடுத்த புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும். அன்று மதியத்தோடு அனுஷம் முடிகிறது. அப்புறம் கேட்டை, அதை விட்டால் மூலம். பெண் பிள்ளை மூலத்தில் பிறந்தால் அவளுக்கு வாய்க்கும் மாமனாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

நானே மூலம்தான். என் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வரும். ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்து உட்கார்ந்த பிறகு நட்சத்திரம் தெரிந்து, கையில் வாங்கிய கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் மாமனார் உயிரோடு இல்லாத வீடாகத் தேடித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பாடு பிறக்கப்போகிற பிள்ளைக்கு வேண்டாம் என்று மீனாட்சி அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் ஜோசியரிடம் போனேன். மகளிடம், “புதன்கிழமைன்னு முடிவாயிருச்சு” என்று சொன்னதோடு சரி.

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் தலை இறங்கியிருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் அர்ச்சனைத் தட்டு நீட்டுவதுபோல இரண்டு கையாலும் சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்தார். நாற்காலியை என் மகள் பக்கம் திருப்பினார்.

“நீ என்னம்மா சொல்ற?”

“அவ என்ன சொல்லப் போறா டாக்டரம்மா, நாங்க சொன்னாச் சரிதான்” என்றேன்.

“நான் அவளைக் கேட்டேன்ம்மா.”

“எழுமலையில இவ மாமனாரும் சரின்னுட்டாரு. மாப்பிள்ளையும் சரின்னுட்டாரு.”

“மாமனார் வயித்துலயா கத்தி வைக்கப் போறேன்?”

என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “தானாப் பெறுறதுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன வித்தியாசம்னே எனக்குத் தெரியாது டாக்டர். நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்.”

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கர்ப்பப்பையின் வாய் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், தலை எந்தப் பக்கம் திரும்பி வெளியே வரும், ஆபரேஷன் என்றால் எங்கே எத்தனை அடுக்கு அறுப்பார்கள், அது எப்போது உயிரைக் காப்பாற்றும், காரணமில்லாமல் செய்தால் என்ன தொந்தரவு, எல்லாம் சொன்னார். இரண்டு பெற்றவள் நான். பிள்ளை திரும்பித் திரும்பி வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“வலி வரட்டும்னு பாக்குறேன் டாக்டர். ஆபரேஷன் செஞ்சாத்தான் நல்லதுன்னு நீங்க சொல்றப்ப செஞ்சுக்கிறேன்” என்றாள் மகள். ஜோசியர் சீட்டை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்தார், என் கையில் இல்லை.

பஸ்ஸில் அவளிடம் பேசக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். திருநகர் தாண்டும்வரைக்கும் தாங்கவில்லை.

“ஏண்டி, அது தானாவா திரும்பும்?”

“எது?”

“தலைதாண்டி.”

“நீ எம்மேல கோவமால்ல இருந்த?”

“கோவம் அது பாட்டுக்கு இருக்கு. நீ சொல்லு.”

பேச்சு வாக்கில் என் முதல் பிரசவத்தைச் சொன்னேன். மறுநாள் உட்காரப் போனபோதுதான் எனக்குத் தையல் போட்டிருப்பதே தெரிந்தது. எப்போது அறுத்தார்கள், எதற்கு அறுத்தார்கள், யாரும் சொல்லவில்லை. “நீ கேக்கலையாம்மா?” என்றாள். கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

புதன்கிழமை பத்தரை மணிவரை நான் சாமி படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் அடுக்களையில் தோசை சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேரம் தாண்டிப் போனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி எடுத்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். மூலம் மதியம் இரண்டு பத்துவரை இருந்தது. மாப்பிள்ளை எழுமலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பிரசவ அறை வாசலில் நர்ஸ், “கூட ஒருத்தர் இருக்கலாம். யாரு வேணும் உனக்கு?” என்று மகளைக் கேட்டார்.

“அம்மா. ஆனா நட்சத்திரப் பேச்செடுத்தா வெளிய அனுப்பிருங்க சிஸ்டர்.”

உள்ளே நடந்ததெல்லாம் எனக்குப் புதுசு. தடுப்புத்துணியை இழுத்துவிட்டுத்தான் போர்வையை விலக்கினார் நர்ஸ். ஒவ்வொரு முறையும், “பாக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். ஒரு தடவை மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, “இந்த வலி போகட்டும்” என்றாள். உறை மாட்டிய கையோடு அந்தம்மா அப்படியே நின்றார். கோயில் நடை திறக்க நிற்கிற மாதிரி நின்றார். இவள் நடக்கணும் என்றாள், நடக்கவிட்டார். கத்தினாள், யாரும் அதட்டவில்லை.

நான் மெதுவாகக் கேட்டேன்: “எல்லார்ட்டயும் இப்பிடித்தான் கேப்பீகளா?”

“நாங்க கேப்போம்க்கா. கூட வர்றவுகதான் பதில் சொல்லிர்றாக” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வலி இறுகியது. சுவரில் பெரிய கடிகாரம். என் கண் அதிலேயே இருந்தது. இரண்டு பத்து தாண்டினால் பூராடம், மூலத்துக்கு அது தேவலை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் தாயே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்திருந்தவள், “முடியலம்மா, சீக்கிரம் வந்திரணும் சாமி” என்று அழுதுகொண்டிருந்தாள். ஒரே சாமியிடம் அவள் சீக்கிரம் கேட்கிறாள், நான் தாமதம் கேட்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அம்மா, சுவத்தப் பாக்காத. என்னையப் பாரு.”

அவளைப் பார்த்தேன். வியர்வையில் நெற்றித் திருநீறு கரைந்து புருவத்தில் வழிந்திருந்தது. துடைத்துவிட்டேன். “வரட்டும் ஆத்தா, எப்ப வருதோ அப்ப வரட்டும்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஒரு மணிக்குப் பெண் பிறந்தது. அறுக்கவில்லை, தையலும் இல்லை. துடைத்து அவள் மார்பில் போட்டார்கள்.

வெளியே மாப்பிள்ளை தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முழித்துக்கொண்டு போனை நீட்டினார். நட்சத்திரம் கேட்கிறாராம்.

“மூலம்ண்ணே. பொண்ணு” என்றேன்.

எனக்கு அந்தக் கேசரித் தட்டு கண்ணுக்குள் வந்தது.

“தாய் எப்பிடி இருக்கு தங்கச்சி?” என்றார்.

“நல்லா இருக்காண்ணே. பசிக்குதுங்கறா.”

“பெத்த பிள்ளை பசிக்குதுங்குது, நீங்க போனைப் பிடிச்சு நிக்கிறீகளே. போயி சோத்தக் குடுங்க!” என்று வைத்துவிட்டார். பேத்தியை நினைத்து அவருக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் பேத்தியைப் பார்க்க வந்தபோது நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. மூலத்துக்குச் சாந்தி பூஜை செய்யத்தான் வேண்டும். ஐயரிடம் பேசி மூன்று நாள் குறித்து வாங்கி வந்தேன். வாங்கி வந்தவள் நேரே மகளிடம் போய், “இதுல உனக்கு எது தோதுப்படும்?” என்று கேட்டேன்.

பால் கொடுத்துக்கொண்டே மூன்றையும் படித்தாள்.

“எம்புட்டு நேரம் உக்காரணும்?”

“ஒரு மணி நேரம் ஆகும்.”

“அப்ப மூணும் வேணாம்மா. உடம்பு தேறட்டும், நான் சொல்றேன்.”

இன்னும் சொல்லவில்லை. ஐயர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.