திருகைக் கல்லுக்கு அடியில் கோழிகள்

அந்தப் புயலில் என் கோழிகள் எப்படிச் செத்தன என்று கேட்டால், காற்றில் செத்தன என்றுதான் என் மாமனார் வீட்டில் சொல்வார்கள். காற்றாவது மண்ணாவது. காற்று என் கோழியின் ஒரு இறகைக்கூடப் பிடுங்கவில்லை. அவற்றைக் கொன்றது என் மாமனாரின் தண்ணீர் ஆசை. இத்தனை காலம் கழித்து எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் நான் வாக்கப்பட்டிருந்தேன். வானம் பார்த்த பூமி. ரேடியோவில் புயல் என்று சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள். மழைக்கே வழியைக் காணோம், புயல் எங்கிருந்து வரும் என்பார்கள். மழைத்தண்ணீர் என்றால் என் மாமனாருக்கு உயிர். கொல்லையைச் சுற்றிலும் வயலுக்குப் போடுவதுபோல வரப்புப் போட்டிருந்தார். பெய்கிற தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தெருவுக்கு ஓடக்கூடாது, முருங்கைக்கும் சுரைக்கொடிக்கும் அங்கேயே ஊறவேண்டும். ஊரில் பாதி வீட்டில் இந்த வரப்பு உண்டு. பெய்வதே ஒரு மழை, ரெண்டு மழை. அதையும் சாயங்காலத்துக்குள் மண் குடித்துவிடும். அதனால் அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை.

கொல்லையின் பின்மூலையில், வீட்டுச் சுவருக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. பின்வரப்புக்கு அப்பால் நிலம் அதைவிடத் தாழ்வு. கோடையில் அங்கே மட்டும் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும். என் கோழிகளை அங்கேதான் பஞ்சாரத்தில் அடைப்பேன். பஞ்சாரம் என்றால் மூங்கில் பிளாச்சில் முடைந்த பெரிய கூடை, கவிழ்த்துப் போட்டால் கோழிக்கு வீடு.

அந்தக் கோழிகள் குழம்புக்கு வளர்த்தவை அல்ல. நரிக்குடியில் அப்பா வீட்டில் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு, முட்டையிடாத விடைக்கோழியை அடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் உடம்பு தேறும், பால் ஊறும். அதைச் செய்யவேண்டியவள் தாய். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது. தங்கை வேறு பிறவியிலேயே நோஞ்சான். கோழிக்கு நீ கவலைப்படாதே, நான் கொண்டு வாரேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

சொன்ன நாளிலிருந்து அந்தக் குஞ்சுகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். பருந்து தூக்கியது போக, கீரி கடித்தது போக மிஞ்சியவை விடைக்கோழியாக நின்றன. தீபாவளிக்கு ஒன்றை அடி என்று மாமனார் கேட்டார். இது என் தங்கச்சிக்கு என்று கையை விரித்துவிட்டேன். அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி கடைசியில் ஆள் வந்து சொன்னது, தங்கைக்கு இன்றோ நாளையோ வலி கண்டுவிடும் என்று. மறுநாள் காலையில் கிளம்பலாம் என்றிருந்தேன். விடிந்தபோது வானம் இருட்டிக் கிடந்தது. கஞ்சி குடிக்கிற நேரத்துக்கெல்லாம் கிழக்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. மாமனார் முதல் காரியமாகத் தன் வெள்ளாடுகளை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இருப்பதே ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அறை முழுக்க ஆடு, ஆட்டு மூத்திரம், ஆட்டுப் புழுக்கை. சரி, வாயில்லாத ஜீவன், இருந்துவிட்டுப் போகட்டும். என் கோழிகளையும் அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுகிறேன் என்றேன்.

கூடவே கூடாது என்றுவிட்டார். கோழிப்பேன் வீடெல்லாம் ஏறுமாம், அரிப்பெடுக்குமாம். ஆட்டு உண்ணி மட்டும் ஏறாதாக்கும். அப்படியானால் திறந்தாவது விடுகிறேன், அதுவே சுவர்மேல், இறவாரத்தில் தொற்றிக்கொள்ளும் என்றேன். காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று, என்னமோ கோழிமேல் பெரிய அக்கறை மாதிரி, அவரே கொல்லைக்குப் போனார். பஞ்சாரத்துக்குமேல் சாக்கைப் போட்டு, உடைந்த திருகைக் கல்லைத் தூக்கி உச்சியில் வைத்தார். போதாதென்று நாலு பக்கமும் முளை அடித்துக் கயிற்றால் இறுக்கினார். காற்றுக்கு அப்பன் வந்தாலும் அசைக்க முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவருடைய வாயில் என்ன கொழுக்கட்டை இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை அந்த ஊர் கண்டதில்லை. மேட்டுக்காட்டுத் தண்ணீரெல்லாம் செம்மண்ணாகத் தெருவில் புரண்டு வந்தது. மாமனார் அப்போது என்ன செய்தார் தெரியுமா? சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், தெருப்பக்கம் வரப்பில் ஒரு வாய் வெட்டி, தெருத் தண்ணீரையும் கொல்லைக்குள் திருப்பிவிட்டு, மறுபடி வாயை அடைத்தார். பள்ளம் நிறைவதை நான் கொல்லைவாசலில் நின்று பார்த்தேன். பார்த்ததும் மம்பட்டியைத் தூக்கினேன், பின்பக்கம் வரப்பை உடைத்துவிடலாம் என்று. ஓடிவந்து மம்பட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? தேடி வந்த தண்ணிய எவனாச்சும் வெளிய விடுவானா?"

கோழி பள்ளத்தில் இருக்கிறது மாமா என்று கத்தினேன். மழைச்சத்தத்தில் கேட்டதோ, கேட்காத மாதிரி இருந்தாரோ. அந்த நேரம் பார்த்து அடுப்படிக் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கயிற்றைப் போட்டுத் தொங்கினார், என்னையும் பிடிக்கச் சொன்னார். விட்டால் ஓலையெல்லாம் பறந்துவிடும். மூன்று பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம், பின்னால் ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டன. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காற்று கொஞ்சம் அடங்கியதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். பள்ளத்தில் தொடை அளவு தண்ணீர். பஞ்சாரம் முழுகிப்போய், மேலே திருகைக் கல் மட்டும் தெரிந்தது. கல்லைத் தள்ளினேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். தூக்கிப் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. எல்லாம் உச்சிக்கு ஏறப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று மிதித்து, ஒரே பக்கமாகக் கிடந்தன. திறந்து விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். இதே மழையில் எதிர்வீட்டுக் கோழிகள், யாரும் கவனிக்காத கோழிகள், சுவர்மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்து வரப்பின்மேல் போட்டேன். அழுகை வரவில்லை. மாமனார் வெளியே வந்தார். கோழிகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அவருடைய முகம் தண்ணீரைப் பார்த்துத்தான் மலர்ந்தது.

"பாத்தியா, ஒரு சொட்டு வெளிய போகல. செத்ததத் தூரப் போடாத. இப்பத்தான செத்துச்சு, உரிச்சுக் கொழம்பு வையி."

நான் மம்பட்டியை எடுத்து வரப்பை வெட்டினேன். ஒரு இடத்தில் அல்ல, கண்ட கண்ட இடத்தில் வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று பின்பக்கப் புறம்போக்கில் பாய்ந்தது. அவர் குதி குதி என்று குதித்தார், குடும்பம் விளங்காது என்றார். கொல்லையில் சேறு மட்டும் மிஞ்சியது. வரப்பில் வெட்டிய குழி ஒன்றிலேயே கோழிகளைப் போட்டு மூடினேன். ஒரு துண்டு கறி அவருடைய வாய்க்குப் போகவிடவில்லை.

அப்புறம் வீட்டுக்குள் போய், ஆடுகளில் நல்ல கறவையாகப் பார்த்து ஒன்றை அவிழ்த்தேன். கோழிச்சாறுக்கு வழியில்லை, தங்கைக்குப் பாலாவது கிடைக்கட்டும். மாமனார் வாசலை மறித்து நின்றார்.

"அது யாரு ஆடுன்னு தெரியுமா ஒனக்கு?"

"நல்லாத் தெரியும் மாமா. அது யாரு கோழின்னு ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் ஆட்டை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அதன் குட்டி தானாகப் பின்னால் வந்தது. பஸ்ஸு ஏது அன்றைக்கு, சேற்றில் நடந்தே போய்ப் பொழுது சாயும்போது நரிக்குடி சேர்ந்தேன். தங்கைக்கு அன்று காலையில்தான் பெண்பிள்ளை பிறந்திருந்தது. வெளுத்துப்போய்க் கிடந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், கோழி எங்கே என்று கேட்கவில்லை. பாலைக் கறந்து, சுக்குத் தட்டிக் காய்ச்சிக் கொடுத்தேன். அந்தப் பாலில்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

கார்த்திகையில் மாமனார் ஓர் ஆளை அனுப்பினார். அந்த மனுசன் அப்பா வீட்டு வாசலில் நின்று சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். ஆட்டையும் குட்டியையும் ஓட்டிவரச் சொன்னாராம். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஆட்டை மட்டுந்தேன் சொன்னாக என்றான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பால் வத்துனதும் ஆடு வரும்னு சொல்லு. நான் எப்ப வருவேன்னு, அவுகளே வந்து கேக்கட்டும்."