எங்கே சிரித்தீர்கள் என்று கேட்டவர்

எத்திராஜ் இறந்த செய்தி எனக்குத் திருத்தணி ரயில் நிலையத்தில் வந்தது. கண் பரிசோதனைக்காகச் சென்னைக்குக் கிளம்பியிருந்தேன். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் லலிதா கூப்பிட்டாள். "அங்கிள், நைனா காலைல பல்லு தேய்ச்சிகினு இருந்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு" என்றாள். மின்சார ரயில் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நம் படிப்பகம் வெளியிடும் இரங்கல் தாளில் இது இருக்காது. ஏன் இருக்காது என்பதையும் சொல்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதியதை அடுக்கி வைத்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருத்தாதீர்கள்.

திருப்பதி பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் எத்திராஜ். படிப்பகத்து வாசலில் இருந்த கரும்பலகைக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். புதுப் படம் வந்தால் காட்சி முடியும் நேரத்தில் தியேட்டர் வாசலில் போய் நிற்பார். வெளியே வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பார். சனிக்கிழமை மாலை நான் அதைப் 'பார்த்தவர் சொன்னது' என்ற தலைப்பில் பலகையில் எழுதுவேன். யார் பெயரும் போடுவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இந்த இரண்டும்தான் எங்கள் விதிகள். குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொன்னேன். "பஸ்ஸுல அறுவது பேரு ஏறுவாங்க சார். யாரு எங்க எறங்கணும்னு எழுதி வச்சிகினா இருந்தேன்?" என்றார்.

படம் எப்படி என்று அவர் யாரையும் கேட்டதில்லை. எங்கே சிரித்தீர்கள் என்றுதான் கேட்பார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. "படம் எப்படின்னு கேட்டா பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துட்டு பதில் சொல்லுவாங்க. எங்க சிரிச்சீங்கன்னு கேட்டா இன்னொரு வாட்டி சிரிச்சிடுவாங்க. அதுல பொய் வராது சார்."

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் படம் வந்தது. இருபத்தெட்டு வயதாகியும் அம்மா சோறு பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடும் ஒருவன், தவறுதலாக ரவுடிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். கையிலிருக்கும் தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே எல்லோரையும் அடித்துத் தப்புகிறான். அவ்வளவுதான் கதை. பெரிய படம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஓட்டைகள் உண்டு. எண்ணி வைத்திருக்கிறேன், பதினொன்று. ஆனால் எத்திராஜுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி கழன்று விழும் அளவுக்கு நான் சிரித்தேன். குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அன்று கூட்டம் நன்றாக இருந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர், சண்டை நம்புகிற மாதிரி இல்லை என்றாலும் கடைசி வரை குழம்பு சிந்தவில்லை, அந்தப் பொறுப்பு பிடித்திருந்தது என்றார். ஒரு அம்மாள், தன் பிள்ளையும் இப்படித்தான் சும்மா சுற்றுகிறான், இவனாவது நாலு பேரை அடித்தான் என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "படத்துல பாக்கலாம். இவனக் கட்டிக்கினு யாரு குப்ப கொட்றது?" என்றாள். கடைசியாக, மலையில் முடி இறக்கிவிட்டு, தலையில் சந்தனம் காயாமல் வந்த ஒரு பெரியவர். ஆந்திரப் பக்கத்துக்காரர். எத்திராஜ் அவரிடம் தெலுங்கில் பேசினார். தன் மகனுக்குப் புத்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தாராம். படம் பார்த்துச் சிரித்ததில், அவன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது, மீதியை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்றாராம். இதைச் சொல்லி முடித்த கையோடு எத்திராஜ், "இத மொதல்ல எழுதுங்க சார்" என்றார்.

நான் எழுதவில்லை. சாக்பீஸை எடுத்தபோது படிப்பகத் தலைவர் பின்னால் வந்து நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊரில் மதிப்புள்ளவர். படத்தை அவர் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட படங்களைப் புகழ்ந்து எழுதுவது படிப்பகத்துக்கு அழகல்ல என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'பொறுப்பற்ற படம். இளைஞர்களைக் கெடுக்கும் என்பது பார்த்தவர் பலரின் கருத்து.' கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே இருந்தது.

மறுநாள் காலை எத்திராஜ் வந்து பலகையைப் படித்தார். உள்ளே தலைவரும் வேறு சிலரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு சார் இத சொன்னது?"

பலர் என்றேன்.

"நான்தான வாசல்ல நின்னேன்? எங்கிட்ட யாரும் சொல்லலியே. ஒரே ஒரு ஆளச் சொல்லுங்க. அம்மையார்குப்பமா இருந்தாலும் போய்க் கேட்டுகினு வரேன்."

நான் சாக்பீஸை எடுத்துப் பலகையின் மூலையில் தேதியை மாற்றினேன். "சரி, நீங்க எங்க சிரிச்சீங்க?" என்றார். தலைவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்றேன்.

கண்ணாடி விஷயத்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆங், அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். நான் எழுதியதற்குக் கீழே கோணல் எழுத்தில் 'இதை யாரும் சொல்லவில்லை' என்று எழுதினார். கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கூட்டத்தில், பலகை இனி அறிவிப்புகளுக்கு மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியதும் நான்தான்.

அதன் பிறகும் அவர் என்னைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளவில்லை. டீக்கடையில் பார்த்தால் பேசுவார், சிரிப்பார். பிரியும்போது மட்டும், "எங்க சிரிச்சீங்கன்னு நீங்க இன்னும் சொல்லலியே சார்" என்பார். அதில் குத்தல் இருக்காது. ஒரு ஆள் இன்னும் ஏறவில்லை என்று விசில் கொடுக்காமல் நிற்கும் கண்டக்டரின் பொறுமைதான் இருக்கும். மூன்று வருடம் அப்படி நின்றார். நான் ஏறவே இல்லை.

இரங்கல் தாளுக்கு எழுதித் தரும்படி படிப்பகத்தில் என்னைத்தான் கேட்டார்கள். நான்கு பத்திகள் எழுதினேன். மூன்றாவது பத்தி கரும்பலகையைப் பற்றியது. தலைவர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "போனவருக்கு மரியாதை செய்யறோம். அந்தக் கோமாளிப் படத்தை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரங்கல் கூட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். பலகையைத் துடைத்துவிட்டு 'பார்த்தவர் சொன்னது' என்று தலைப்பு எழுதினேன். சந்தனத் தலைப் பெரியவர் சொன்னதை முதலில் எழுதினேன். பிறகு தறிக்காரர், அந்த அம்மாள், கல்லூரிப் பெண். மூன்று வருடமாக மனதில் கிடந்தவை, ஒரு சொல்கூட மாற்றவில்லை. கடைசியில், விதியை மீறி, என் பெயரைப் போட்டு எழுதினேன்: 'ரவுடிகள் சூழ்ந்து நிற்கும்போது கதாநாயகன் அம்மாவுக்குப் போன் செய்து, அடித்துவிட்டுச் சாப்பிடவா, சாப்பிட்டுவிட்டு அடிக்கவா என்று கேட்கிறான். ரவுடிகளும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே சிரித்தேன். நாற்பத்திரண்டு வயதில், மாற்றல் உத்தரவு வந்தபோது, அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னவன் நான்.'

தலைவர் வந்தார், படித்தார். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார். "யாரையும் கேக்கல சார். துடைக்கணும்னா நீங்களே துடைங்க" என்றேன். என் வாழ்நாளில் எனக்கு மேலே இருக்கும் ஒருவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவர் துணியை எடுத்தார். அப்போது லலிதா வந்து பலகைக்கு முன் நின்றாள். படித்துக்கொண்டே வந்தவள், கடைசி வரிக்கு வந்ததும், துக்க வீட்டுப் பெண் என்பதையும் மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தலைவர் துணியை ஜன்னலில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பலகை துடைக்கப்பட்டிருந்தது. யார் என்று விசாரிக்கவில்லை. திரும்ப எழுதினேன். நேற்றும் துடைத்தார்கள், நேற்றும் எழுதினேன். சாக்பீஸ் பெட்டி இப்போது என் பையில், மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எத்திராஜின் நினைவாற்றல் எனக்கில்லை. அவர் குரலும் இல்லை, தெலுங்கும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான். இந்த வாரம் புதுப் படம் ஒன்று வருகிறது. காட்சி முடியும்போது தியேட்டர் வாசலில் நான் நிற்பேன். நோட்டோடுதான் நிற்பேன், குரல் நடுங்கத்தான் கேட்பேன். நீங்கள் பார்த்துவிட்டு வந்தால், எங்கே சிரித்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.