வரையாடு எண்ணப் போன வெள்ளிக்கிழமை

சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பெட்ரோல்கூடக் கைக்காசு. அப்படி ஒரு வேலைக்கு அப்பா வெள்ளிக்கிழமைதோறும் விடியும் முன்பே கிளம்பிப் போனால் அம்மா சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? மலையில் வரையாடுகளைக் கணக்கெடுக்க ஓமன் அரசாங்கம் தன்னார்வலர்களைக் கூப்பிட்டிருக்கிறது என்பது அப்பாவின் விளக்கம்.

“ஊர்ல ஆடு மேய்க்கிறவனே கூலி இல்லாம நகர மாட்டான். இவரு மஸ்கட் வந்து சும்மா ஆடு எண்ணுறாராம்!” என்று அம்மா எங்கள் ரூவி ஃப்ளாட்டின் சமையலறைச் சுவரிடம் முறையிடுவாள்.

எந்த மலை என்று கேட்டாலும் அப்பா வாயைத் திறக்க மாட்டார். வேட்டைக்காரர்கள் காதுக்குப் போய்விடக் கூடாதாம். ரகசியம் காப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். தனக்குச் சர்க்கரை வியாதி வந்தது கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, எங்கள் மூவரைத் தாண்டி அந்த விஷயம் போகாமல் பார்த்துக்கொண்டார். ஆடு மோப்பம் பிடித்துவிடும் என்று சென்ட் போடுவதையும் வெள்ளிக்கிழமைகளில் நிறுத்தினார். போட்டுக்கொண்டு போயிருந்தால் அம்மா சந்தேகப்பட்டிருப்பாள். போடாமல் போனதில் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டாள்.

கடைசியில் நானும் வருவேன் என்று அடம்பிடிக்கும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். “அப்பா யாருகிட்ட பேசுறாரு, என்ன பேசுறாருன்னு மட்டும் பாத்துட்டு வா.” மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மலையில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் இருந்தார். அவரும் அப்பாவும் ஒரே சரிவைத் தனித்தனியாகப் பார்த்து எண்ண வேண்டும். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு கணக்கையும் ஆபீசர் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் பேச்சே கூடாது என்பது சட்டம். ஆளுக்கொரு பாறையில் பைனாகுலரோடு உட்கார்ந்தார்கள். நான் ஆட்டைத் தேடவே இல்லை. கண்கொத்திப் பாம்பாக அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போதும் ஆன்ட்டி என்னிடம்தான், “களைச்சுப் போனியோ, பிள்ளை?” என்று கேட்டார்.

வீட்டில் அப்பா குளிக்கப் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“பேசவே இல்லம்மா. சத்தியமா!”

அம்மாவின் முகம் இளகியது. அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே கல்லில் தோசை வார்த்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவை முழுசாகக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

“டீ குடுக்கும்போதுகூட பேசலம்மா. அந்த ஆன்ட்டி ரெண்டு ஃப்ளாஸ்க் கொண்டுவந்தாங்க. எனக்கு ஊத்துனது இனிப்பு. அப்பாவோடத ஒரு வாய் குடிச்சேன், சர்க்கரையே இல்ல. எது வேணும்னு கேக்கக்கூட இல்லம்மா, அவங்களே ஊத்திக் குடுத்தாங்க.”

“ரெண்டு ஃப்ளாஸ்க்கா?” என்றாள் அம்மா.

ஆமாம் என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய பிறகும் அப்பா ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. மலையில் இருந்த வரையாடுகளையெல்லாம் எண்ணி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.