ஒரே குழல்

உருகுவே வீரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதை டிவியில் காட்டினார்கள். கக்கத்தில் பிளாஸ்க், கையில் சுரைக்குடுவை, அதற்குள் ஓர் உலோகக் குழல்.

"என்னம்மா அது?" என்றாள் மகள்.

"மாத்தே. கசப்பு டீ" என்றேன். பூதலூர் வயலின் வைக்கோல் வாசனையே வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு உருகுவேயிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். அறுவடை முடிந்த வயலில் எங்கள் தெரு ஆட்களோடு கால்பந்து ஆடுவார். பண்ணையில் கூலிவேலை பார்த்த அப்பாதான் கோல் கீப்பர். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும், சாமியார் தான் உறிஞ்சிய குடுவையில் மறுபடி வெந்நீர் ஊற்றி அப்பாவிடம் நீட்டினார்.

டீக்கடையில் எங்கள் தெருவுக்கென்று வைத்திருந்த தனி கிளாஸில் குடித்தே பழகியவர் அப்பா. வாய் படக்கூடாதென்று அண்ணாந்து குடுவையைச் சாய்த்தார். இலையும் தண்ணீருமாகச் சட்டையில் கொட்டியது.

"வாய வச்சு உறிஞ்சுங்க. எங்க ஊர்ல டீமுக்கே ஒரு குழல்தான்."

"எச்சியாயிடும் சாமி."

"ஆகட்டுமே."

அப்பா உறிஞ்சினார். சாமியார் குழலைத் துடைக்காமல் அடுத்த வாய் குடித்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் டீக்கடையில் அந்தத் தனி கிளாஸை நீட்டினார்கள்.

"வேணாங்க, டீயை விட்டுட்டேன்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "ஒரு டீ போடு."